தொப்பிக்காரருக்கு ஒருசந்தி

– அப்போ உங்கண்ணன் போற சர்ச்சுக் கோயில்ல நூறு பேரு கை தூக்கினா, அமெரிக்காவுக்கே ராஜா மாறிருவாராக்கா?

– நூறு பேரு இல்லடி பவானி. ஊருக்கு ஊரு அந்த மாதிரி கோயில் இருக்காம். எங்கண்ணன்தான் சொல்லுச்சு. நீ சமோசாவை மடி, பேச்சுல மாவு காயுது.

– மாவு காஞ்சா தண்ணி தெளிச்சுக்கலாம். இது புரியலன்னா இன்னிக்கு எனக்கு யாவாரமே ஓடாது. காலங்காத்தால கண்ணு வீங்கிப்போய் வந்து, "கதவை அடைச்சுட்டாங்க, கதவை அடைச்சுட்டாங்க"ன்னா நான் என்னன்னு நெனைக்கிறது? எந்தக் கதவு?

– அமெரிக்காக் கதவு. பதினெட்டு வருசமா எங்கண்ணன் போட்டு வச்ச ஃபைலு. தங்கச்சி மக்தலேனா, அவ மக சாரா, ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன்னு எழுதிக் குடுத்தது. அப்ப சாராவுக்கு ரெண்டு வயசு. இப்பத்தான் எங்க முறை வந்துச்சு. இன்டர்வியூவுக்குத் தேதிகூடக் குடுத்தாங்க. நேத்து ஒத்தை வரியில கடிதாசி: "இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு இப்போ விசா கெடையாது."

– அடியாத்தீ! சாராகிட்ட சொல்லிட்டியா?

– எந்த வாயால சொல்ல? பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்கிற லிஸ்ட்ல அவ பேரையும் எழுதிட்டுப் போயிருக்காங்க. பொம்பளப் புள்ளைங்களை எப்பக் கூப்பிடுவாங்களோ யாருக்குத் தெரியும். அதுக்குள்ள அவ இந்த இன்சீனை, இந்த நாட்டையே விட்டுப் போயிரணும், எனக்கு வேற ஆசையே கெடையாது பவானி. நான் போகாட்டியும் போகுது.

– மெல்லப் பேசுக்கா. இந்த ஊர்ல செவுத்துக்கும் காது.

– அடைச்சது யாருங்கறே? அங்க எலெக்சன்ல செயிச்சு வந்தாரே, அந்தச் செவப்புத் தொப்பிக்காரர்தான். கையெழுத்துப் போட்டு அடைச்சுட்டாரு. அவரு செயிக்கணும்னு நாப்பது நாளு ஒருசந்தி இருந்தவ யாரு தெரியுமா? நானு!

– நீயா? ஒருசந்தின்னா எங்க விரதம் மாதிரியா?

– அதேதான். நாளைக்கு ஒரு வேளைச் சோறு. நாப்பது நாளும் ஙாப்பி மீன் விழுதைக் கையால தொடல.

– ஙாப்பி இல்லாம உனக்குச் சோறு எறங்காதேக்கா! அந்த வாசம் இல்லேன்னா தட்டையே தள்ளி விடுவியே!

– தள்ளல. வெறும் பருப்பும் சோறும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கோயில் வாசல்லேருந்து மாதா பீடம் வரைக்கும் முட்டியாலேயே போனேன். இப்பவும் முட்டி மடங்க மாட்டேங்குது.

– எங்கிட்ட சொல்லவே இல்லியே. வாதம்னில்ல சொன்ன?

– நோன்பை வெளியில சொன்னா நோன்பே இல்ல. சாராவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. உனக்கே இன்னிக்கு வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

– சரிக்கா, எங்கியோ இருக்கற தொப்பிக்காரருக்கு நீ ஏன் பட்டினி கெடக்கணும்? அவரு உனக்கு மாமனா மச்சானா?

– அண்ணன் கேட்டுச்சு. போன்ல ஒரு மெசேஜ் அனுப்புச்சு. "தேவ சித்தம் நிறைவேற, இந்தத் தலைவர் ஜெயிக்க, உங்கள் ஊர்ச் சபைகள் உபவாசித்து ஜெபிக்கவும்." கூடப் பொறந்தவன் ஒரு நாளும் எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணு. விட்டுருவேனா? அவரு செயிச்சாருன்னு கேட்டதும் மெழுகுவத்தி ஏத்தினேன்டி. என் செபத்தைச் சேசு கேட்டுட்டாருன்னு அழுதேன்.

– எங்க மாரியம்மன் கோயில்ல ஒரு கூத்து நடக்கும். ஒரே வழக்கு. வாதியும் வந்து தேங்கா ஒடப்பான், பிரதிவாதியும் வந்து தேங்கா ஒடப்பான்.

– அம்மன் என்ன பண்ணும்?

– தேங்காயை எடுத்துக்கும்.

– சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது. எங்கண்ணன் ஓட்டுப் போட்டு அடைச்ச கதவு இது. இன்னிக்கு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். என் வீட்டுல கரண்டு எட்டு மணிக்குத்தான் வரும். அதான் உன் கடைப் பேட்டரியை நம்பி ஓடியாந்தேன். இந்தப் போனு சுத்திக்கிட்டே கெடக்கு.

– தடை பண்ணினதைத் தொறக்குமே அந்த வி.பி.என்., அதைப் போட்டியா?

– சாரா போட்டுக் குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போச்சு. இரு இரு, மணி அடிக்குது!

– ஹலோ? மக்தா? பிரைஸ் த லார்ட். எப்படி இருக்க தங்கச்சி? இங்க இப்பத்தான் ராச்சாப்பாடு முடிஞ்சுது. சாரா இல்லியா?

– ஜோசப் அண்ணே, நான் பவானி பேசறேன். ஸ்டேசன் வாசல் சமோசாக் கடை. அக்கா இங்கதான் இருக்கு, ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்கு. அது உங்களைத் திட்டறதுக்குள்ள நான் ஒண்ணு கேட்டுக்கறேன்.

– திட்டப் போறாளா? ஓகே, ஓகே. கேளும்மா.

– உங்க ஊர்ல கோயில்காரங்க சொன்னா எல்லாரும் அதே மாதிரி ஓட்டுப் போட்டுருவாங்களா? பாதரே இன்னாருக்குப் போடுன்னு பேரைச் சொல்லிருவாரா?

– லிசன் பவானி. பேரே சொல்ல மாட்டாரு. பிரசங்க மேடையில ஒரு பேரும் வராது. ஒரு தாள் குடுப்பாங்க. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். கருக்கலைப்புக்கு இவரு என்ன சொன்னாரு, அவரு என்ன சொன்னாரு, பள்ளிக்கூடத்துல செபம் வேணுமா வேணாமா, இப்படி ஏழெட்டுக் கேள்வி. படிச்சு முடிச்சா எந்தப் பேருன்னு தானாத் தெரிஞ்சுரும்.

– கெட்டிக்காரங்கதான். அதுக்காக ஒரு தாளு ஊரைத் திருப்பிருமா?

– தாளு திருப்பாதும்மா. வருசம் பூரா கூட இருக்காங்கல்ல, அது திருப்பும். புள்ளை பொறந்தா சோறு கொண்டாந்து குடுக்கறவங்க, செத்தா குழி வரைக்கும் வர்றவங்க, அவங்க எல்லாரும் ஒரு பக்கம் போறப்ப நீ மட்டும் வேற பக்கம் போவியா? அதுவும் அவங்க ஒருத்தர் விடாமப் போயிப் போடுவாங்க. மத்தவங்க மழைன்னா வீட்டுல இருந்துருவாங்க. இவங்க மழையில குடை புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அதான் பெரிய பெரிய ஆளெல்லாம் இவங்க வாசல்ல வந்து நிக்கறான்.

– இங்க மதத்துப் பேரைச் சொல்லி யாராச்சும் ஓட்டுக் கேட்டா நாம கதவைச் சாத்திக்குவோமே அண்ணே. அக்காவும் சாத்திக்கும், நானும் சாத்திக்குவேன். நாம இங்க கொஞ்சப் பேரு.

– அங்க நாம கொஞ்சம். இங்க அதே சிலுவை பெரிய பக்கம். எனக்கே அது பழகறதுக்கு ரொம்ப வருசம் ஆச்சு. ஆனா கெட்டவங்கன்னு மட்டும் சொல்லிராத. அங்க அலோன் துறைமுகத்துல கப்பல் வேலைக்கு ஏறினவன், இங்க எறங்கித் திரும்ப ஏறாம ஓடுனேன். பேப்பர் இல்ல, பாஷை இல்ல. குளிர்ல செத்துருப்பேன். அந்தக் கோயில்ல ஒரு கெழவி, கீழறையில பாயைப் போட்டுப் படுக்க வச்சா. நாலு மாசம். வக்கீலும் அவங்களே வச்சாங்க. யாருன்னுகூடக் கேக்கல.

– அந்தக் கோயில்தான் இப்ப…

– அதே கோயில்தான்மா.

– வெளங்கலியே அண்ணே. பேப்பர் இல்லாம வந்த உங்களுக்குப் பாய் போட்டவங்க, பேப்பரோட வர்ற அக்காவுக்குக் கதவை அடைக்கறவருக்கு ஏன் ஓட்டுப் போட்டாங்க?

– நானும் அதைத்தான் யோசிக்கிறேன். முன்னால வந்து நின்ன ஆளுக்குப் பாய் போடுவாங்கம்மா. லிஸ்ட்ல இருக்கற பேரு அவங்களுக்கு ஆளாத் தெரியல. இதுக்கு மேல எனக்கும் வெளங்கல.

– பவானி, போனை இங்க குடு. போதும் உன் விசாரணை. அண்ணே!

– சொல்லு மக்தா.

– கடிதாசி வந்துருச்சு. விசா கெடையாதாம்.

– நியூஸ்ல பாத்தப்பவே நெனச்சேன். நம்ம ஃபைல் தப்பிச்சுரும்னு ஒரு ஆசை இருந்துச்சு.

– ஆசையா? பண்றதையும் பண்ணிட்டு ஆசை வேறயா? சாரா பேரு பட்டாளத்து லிஸ்ட்ல இருக்குண்ணே. யாராச்சும் கதவைத் தட்டினா நான் அவளைக் குளிக்கற ரூம்புல தள்ளிட்டுத்தான் தொறக்கறேன். போன வாரம் தண்ணி கொண்டாற ஆளு தட்டினான், அதுக்கே என் உசுரு போயிருச்சு. உன் தங்கச்சி மக உனக்குப் பெருசா, அந்தத் தொப்பி பெருசா?

– மக்தா, கொஞ்சம் கேளு…

– நீ கேளு! பொறக்காத புள்ளைக்குப் பரிஞ்சு ஓட்டுப் போட்டீங்களே. சந்தோசம். நானும் அதுக்குத்தான் ஆமென் சொன்னேன். பொறந்து இருவது வருசம் வளந்த புள்ளை இங்க நிக்குதே, இதுக்கு யாரு பரியறது?

– அக்கா, மெதுவா. டீக்கடைப் பக்கம் திரும்பிப் பாக்கறாங்க.

– பாக்கட்டும். இந்த ஃபோட்டோ என்னண்ணே? சாரா உன் பேஸ்புக்ல பாத்துட்டு எனக்குக் காட்டுச்சு. தேர்தலன்னைக்குக் கோயில் வேனை ஓட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கறியே. கெழவிங்களை ஏத்திக்கிட்டுப் போயி ஓட்டுப் போட வச்சியா, இல்லியா?

– வச்சேன். நாலு நடை ஓட்டினேன். எனக்குப் பாய் போட்டாளே, அவளுக்கு இப்போ தொண்ணூத்தொண்ணு. அவ கையைப் புடிச்சு எறக்கி விட்டேன். என்னை எப்படி மாட்டேன்னு சொல்லச் சொல்றே? அந்தக் கையை எப்படித் தட்டி விடுவேன்?

– சரி, எறக்கி விட்ட. கோயில்ல அவரு செயிக்கணும்னு கையும் தூக்கினியா?

– தூக்கினேன். எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்.

– அந்த மெசேஜும் அனுப்பின.

– பாஸ்டர் குரூப்புல போட்டாரு. வெளிநாட்டுலேருந்து வந்தவங்க அவங்கவங்க ஊருக்கு அனுப்புங்கன்னாரு. நான் வாசகத்தைக்கூட மாத்தல, அப்படியே தள்ளி விட்டேன். நீ அதைப் பாத்துட்டு விட்டுருப்பேன்னு நெனச்சேன். காலையில வர்ற பூப்படம் மாதிரி.

– பூப்படமா அது?

– ஏன், என்ன ஆச்சு? மக்தா?

– ஒண்ணும் ஆகல. மேல சொல்லு.

– அக்கா, மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது? தண்ணி குடி.

– நீ சும்மா இரு பவானி. அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு. அப்பா கல்லறை மேல ஆணையாச் சொல்லு. அந்தச் சாவடிக்குள்ள போயி, திரை மறைவுல நிக்கறப்ப, எங்க நெனப்பு உனக்கு ஒரு நிமிசம் வந்துச்சா? என் நெனப்பு, சாரா நெனப்பு?

– இரு, உள் ரூம்புக்குப் போயிக் கதவைச் சாத்திக்கறேன்.

– சொல்லுண்ணே.

– மக்தா, இதை நான் உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல. கோயில்ல தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. நீயும் வெளியில விட்றாத. பவானி, நீயும்தான்மா.

– என் வாயில எண்ணெய் ஊத்தினாலும் வராதுண்ணே. சொல்லுங்க.

– கடைசி நடையில கெழவியை எறக்கி விட்டுட்டு, நானும் உள்ள போனேன். ஓட்டுத் தாளை விரிச்சேன். சாராவோட சின்ன வயசு போட்டோ ஒண்ணு என் பர்சுல இருக்கு, இன்சீன் ஸ்டேசன்ல எடுத்தது, ரயில் ஜன்னல்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்கும். அதைத்தான் நெனச்சேன். அந்தாளு வந்தா முதல்ல அடைக்கறது இந்தப் புள்ளை கதவைத்தான்னு தோணுச்சு. என் கை தொப்பிக்காரர் பேருக்குப் போகல மக்தா. எதிர்த்து நின்னவங்க பேருக்குத்தான் போட்டேன். உனக்காக, சாராவுக்காக. கடல்ல கரைச்ச பெருங்காயம்தான், எனக்கும் தெரியும். ஆனா என்கிட்ட இருந்தது அந்த ஒரு ஓட்டு.

– அய்யோ மாரியாத்தா…

– மக்தா? லைன் இருக்கா? என்ன சத்தம் அங்க? இப்பவும் என் மேல கோவமா?

– அக்கா, அண்ணன் கூப்பிடுது பாரு. தலையில அடிச்சுக்காத, கை அடுப்புல இடிக்கப் போகுது. பேசுக்கா.

– மக்தா, நீ என்னைத் திட்டினாலும் பரவால்ல. நான் உனக்குத் துரோகம் பண்ணலம்மா. யாரு பண்ணினாலும் உன் அண்ணன் பண்ணல. அது உனக்குத் தெரிஞ்சாப் போதும்.

– அண்ணே… நீ போட்ட அந்த ஒத்தை ஓட்டுத் தோக்கணும்னுதான், நான் நாப்பது நாளு ஒருசந்தி இருந்தேன்.