உப்பில்லாத பஜ்ஜி

வெங்கடராமன்: ...சொல்லப்படாதுதான். ஆனா பஜ்ஜியில உப்பே இல்லை.

அகிலாண்டம்: பொண்ணு பார்க்க வந்த இடத்துல இப்படிப் பட்டுனு சொல்ற முதல் ஆள் நீங்கதான்.

வெங்கடராமன்: நீங்க பண்ணினதா?

அகிலாண்டம்: இல்லை. புதுசா ஒரு சமையல்காரன். வாயே திறக்க மாட்டான்.

வெங்கடராமன்: மாட்டுங்காவுல இந்த ரேஷன் காலத்துல சமையல்காரனா! பலே...

அகிலாண்டம்: பஜ்ஜியைப் பத்திப் பேசவா பெரியவா நம்மளை பால்கனிக்கு அனுப்பினா? நானே கேக்கறேன். பிப்ரவரியில பம்பாய் நேவிக் கப்பல் பையன்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து ஸ்டிரைக் பண்ணினப்போ, அவாளைக் கைதியா லாரியில ஏத்தின லெப்டினன்ட் நீங்கதானே?

வெங்கடராமன்: நான்தான்.

அகிலாண்டம்: கூசாம சொல்றேளே!

வெங்கடராமன்: வெள்ளைக்காரன் ஆர்டர் போட்டான், ஏத்தினேன். உங்க அண்ணா ஜம்புவும் நேவிதானே?

அகிலாண்டம்: யார் சொன்னா? அவன்... டெல்லியில குமாஸ்தா.

வெங்கடராமன்: அப்படியா? கைதிகளை அடைக்கற முலுண்டு கேம்ப்புக்குப் போன லாரியிலேர்ந்து ஒருத்தன் குதிச்சு ஓடினான். அச்சு அசல் உங்க மூக்கு.

அகிலாண்டம்: ஓ... பொண்ணு பார்க்க வரலை. மோப்பம் பிடிக்க வந்திருக்கேள்.

வெங்கடராமன்: மெதுவா. கீழே பான் கடையில பேப்பர் படிக்கறானே, அவன் போலீஸ். நான் சும்மா இந்தப் படி ஏறினா சந்தேகப்படுவான். பொண்ணு பார்க்கன்னா யார் கேக்கப் போறா?

அகிலாண்டம்: அப்போ எல்லாம் நாடகமா!

வெங்கடராமன்: நாளைக்கு விடிஞ்சதும் இந்த ஆத்துல சோதனை. ஜம்பு இங்கே இருந்தா இன்னிக்கே கிளப்பியாகணும்.

அகிலாண்டம்: 'இருக்கான்'னு நான் சொன்ன அடுத்த நிமிஷம் நீங்க கீழே விசில் அடிக்கலாம்...

வெங்கடராமன்: கிங்ஸ் சர்க்கிள்ல லாரியை மெதுவாப் போகச் சொன்னது நான். பின்பலகைக் கொக்கியை மாட்டாம விட்டதும்—

அகிலாண்டம்: கதை!

வெங்கடராமன்: இந்தப் பழப்பையை ஏன் பால்கனி வரைக்கும் தூக்கிண்டு வந்தேன்னு நினைக்கறேள்? ஆரஞ்சுக்கு அடியில கையை விடுங்கோ.

அகிலாண்டம்: ...ஷூ. ஒத்தை ஷூ. உள்ளே... அண்ணாவோட நேவி நம்பர்.

வெங்கடராமன்: குதிக்கறச்சே கழண்டுது. ஓடினது யார்னு காட்டிக் கொடுக்க இது ஒண்ணுதான் இருந்தது. எடுத்து ஒளிச்சுட்டேன். இப்போ யாரோ ஜம்பு பேரைப் போலீஸ்ல சொல்லிட்டா.

அகிலாண்டம்: இது தெரிஞ்சா சர்க்காருக்குத் துரோகம்னு உங்களை—

வெங்கடராமன்: கோர்ட் மார்ஷல். ஜெயில். போயிட்டு வரேன்! எது என் பக்கம்னு அந்தப் பசங்க மூஞ்சியைப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

அகிலாண்டம்: ...அவனை எப்படி வெளியே கொண்டு போவேள்?

வெங்கடராமன்: எங்க சித்தப்பா சால்வையைப் போர்த்திண்டு, எங்க கூட்டத்தோட படி இறங்கட்டும். சம்பந்தி வீட்டு மனுஷாளை யார் எண்ணப் போறா? செம்பூர்ல இடம் பார்த்து வெச்சிருக்கேன்.

அகிலாண்டம்: அப்போ கூடத்துக்குப் போய்ப் பொண்ணு பிடிச்சிருக்குன்னு சிரிச்சுண்டே சொல்லணும். எல்லாரும் சந்தோஷமாப் படி இறங்கினாத்தான் கீழே இருக்கறவன் நம்புவான்.

வெங்கடராமன்: அதுக்கு நடிக்க வேண்டாம். ஆனா முதல்ல சொல்லுங்கோ... ஜம்பு எங்கே?

அகிலாண்டம்: சாப்பாடு வாயில வைக்க வழியில்லைன்னு ஸ்டிரைக் பண்ணினானே, அந்த மகானுபாவன் போட்ட பஜ்ஜிதான் நீங்க தின்னது!