கட்டி கரைத்த எண்ணெய்

ஆப்ரிகாட் நம் பக்கத்து மண்ணுக்கு வராது மேடம். காய்ந்த பழமாகத்தான் வரும். நான் உக்கடத்தில் ஒரு கடையில் வாங்குவேன். சதையை ஊறவைத்து அரைத்தால் முகத்துக்கு ஆகும். கொட்டையை உடைத்துப் பருப்பை ஆட்டினால் எண்ணெய். ஓட்டைப் பொடித்தால் தேய்த்துக் குளிக்கலாம். வீசி எறிய ஒன்றும் இல்லாத பழம். சூலூரில் என் வீட்டு முன்னறையில் பல வருடங்களாக இதைத்தான் செய்துவந்தேன்.

ஜெபராணி கன்னத்தில் மங்கோடு வந்தவள். பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்றாள். சில மாதங்களில் மங்கு மறைந்தது. அதிலிருந்து நான் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதம். கெட்ட கனவு வருகிறது என்றபோது, ஒரு கொட்டையை மஞ்சள் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். "ஃபாதர் பாத்தா திட்டுவாருங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாள். நன்றாகத் தூங்கவும் தூங்கினாள்.

இடையில் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. இது ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல், எண்ணெய் தேய்த்துப் பருப்பைத் தின்றே இந்த ராமாமணி அதைக் கரைத்துவிட்டாள் என்பதும் தெரியும். அதைக் கேட்பதற்கென்றே சோமனூரிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள்.

போன வருடம் ஒருநாள் பள்ளி விட்டதும் ஜெபராணி நேராக என்னிடம் வந்தாள். வீட்டுக்காரர் ஜெரால்டிடம்கூட இன்னும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள்.

"இது என்னன்னு பாருங்க அக்கா."

சிறியதாக இருந்தது. அழுத்தினால் நகரவில்லை. என்னவென்று என் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"இப்படியேதான் கண்ணு."

"எந்தப் பக்கமுங்க? நான் தொட்டுப் பாக்கட்டுங்களா?"

அவள் கையை எடுத்து என் வலது பக்கத்தில் வைத்தேன். ஜாக்கெட்டை விலக்கியும் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எனக்கும் கரைஞ்சுருமுங்க" என்றாள்.

என் கட்டி இடது பக்கம் இருந்தது மேடம். பெங்களூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கூட வந்தது என் மகன் சாய்கிருஷ்ணா மட்டும்தான். இங்கே எல்லோரிடமும் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். சிறிதாக இருக்கும்போதே வந்ததால் பிழைத்தீர்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். திரும்பி வந்ததும், ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். கட்டி வந்தது, எண்ணெயிலேயே கரைந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெரால்டுக்கு விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டார். ஜெபராணி எனக்குப் போன் செய்தாள். "ஏனுங்க அக்கா, இவரு போயே ஆகோணுங்கறாரு. போயிட்டு வந்துரட்டுங்களா?"

'போ' என்பது ஒரே எழுத்துதான். ஆனால் அவள் அங்கே குணமாகி வந்தால், அடுத்து என்னைப் பற்றித்தான் கேள்வி வரும். "கத்தி பட்டாப் பரவிப்போடும் கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். உன் இஷ்டம் என்றும் சொன்னேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போகவில்லை.

பருப்பைத் தின்றால் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அதில் விஷம் உண்டு என்று எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் தின்றதில்லை. கெட்டது வெளியே போகிறது என்று அவளிடம் சொன்னேன். கட்டி புண்ணாகி உடைந்த பிறகு தினமும் போய் நானே துடைத்துக் கட்டினேன். நாற்றத்துக்கு அவள் சொந்தக்காரர்களே அறைக்குள் வரவில்லை. ஜெரால்டு கதவோரம் நின்றுகொண்டு, "இனியாச்சும் கூட்டிட்டுப் போகலாமுங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார். இப்போது அசைக்கக் கூடாது என்றேன். கடைசி மூச்சு வரை அவள் என் கையைத்தான் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு ஜாக்கெட்டின் இடது பக்கத்தை விலக்கிக் காட்டியிருந்தால் அவள் இப்போது வகுப்பில் நின்றிருப்பாள். நான் காட்டவில்லை. தெரிந்தேதான் காட்டவில்லை. கொலை என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அவள் முகத்துக்கு எண்ணெய் பூசியது நான்தான். நல்ல களையாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவளுடைய சித்தி மகள் ஜெனிஷா என்னை ஓரமாக அழைத்துப்போனாள். அவளுக்கும் அக்குளில் ஏதோ தட்டுப்படுகிறதாம். எண்ணெய் கேட்டாள். கொடுத்தேன். உதவி என்று ஒருத்தர் வந்து நின்றால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது மேடம்.