விழுந்த இடம்

"ஏம்மா, அப்பாவ நாமளே எதுக்குத் தெனமும் தூக்கியாரோம்?" என்று மகள் மதிவதனி ஏழு வயதில் கேட்டாள். நியாயமான கேள்வி.

பதில் மதுக்கரையில் எங்கள் சர்ச் கூடத்தில் கிடைத்தது. குடிப்பவர்களின் மனைவிமார் சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவோம். பொற்கொடி அக்கா குழுவை நடத்தினார்.

"உழுந்தா வுட்டுப்போடுங்க அம்மணி. நீங்க தூக்கத் தூக்க அவிய எந்திரிக்கவே மாட்டாங்க."

"எங்கூட்டுக்காரரத் தூக்குனா எம்பட இடுப்புத்தானுங்க உழுகுது" என்பாள் ஒருத்தி. சிரிப்போம். வாரத்தில் நான் சிரித்தது அங்கே மட்டும்தான்.

தொண்ணூற்று நாலு நவம்பரில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, டீக்கடை ஷேக் பரீத் பாய் வீட்டுக்கு வந்தார். என் கணவர் தமிழ்வேந்தன், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் வளைவில் விழுந்து கிடக்கிறாராம்.

"ஒத்தையில தூக்க முடியலீங்க. சுத்தீலும் கல்லு வெச்சு, வேப்பங்கெளை ஒடிச்சுப் போட்டிருக்கறேன். லாரிக்காரனுக்குத் தெரியோணுமில்லீங்க. நீங்க முன்னால போங்க, கடையச் சாத்திப்போட்டு வாரேன்."

நல்ல மனிதர்.

நான் போய் என் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். கல்லும் கிளையும்கூடத் தூக்கிவிடுவதில்தானே சேர்த்தி? ஒவ்வொன்றாக எடுத்துப் பள்ளத்தில் போட்டேன். வீட்டுக்கு நடந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்மேல் லாரி ஏறிய பிறகு வந்த பாயிடம், நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது என்று சொன்னேன்.

லாரி ஓட்டி வந்த வெள்ளியங்கிரி அதுவரை குடித்தறியாதவர். வளைவில் கல்லும் இல்லை, கிளையும் இல்லை என்று கோர்ட்டில் அழுதார். தன் கையால் வைத்ததாகப் பாய் சாட்சி சொன்னார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

சிறையிலிருந்து வந்தபின் வெள்ளியங்கிரி குடிக்கத் தொடங்கினார். அவர் மனைவி அம்புஜம் இப்போது எங்கள் குழுவுக்கு வருகிறாள். பக்கத்து நாற்காலியை அவளுக்கு வைத்திருப்பேன். டீயை ஆற்றிக் கொடுப்பேன்.

"எம்பட ஊட்டுக்காரரால தாலியறுத்தவீங்க, எங்கிட்ட இத்தன பிரியமா இருக்கறீங்களேக்கா" என்பாள். அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

சென்ற வாரம் வெள்ளியங்கிரி சாக்கடை ஓரம் கிடந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. கைத்தாங்கலாகத் தூக்கிப்போய், அவர் வீட்டு வாசலில் படுக்க வைத்தேன். கதவைத் தட்டவில்லை. நற்செயலை விளம்பரப்படுத்தக் கூடாது.

இனி யாருக்கும் நான் எதுவும் பாக்கியில்லை என்று ஜெபத்தில் கர்த்தரிடம் சொன்னேன். நன்றாகத் தூங்கினேன்.