வரேன்

யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிற பழக்கம் எனக்கு இல்லை. நாலு ஆப்பிளாவது வாங்கிக்கொள்வேன். காலையில் என் பையைச் சோதித்தபோது நீங்கள் ஏதோ ஆயுதத்தைத் தேடினீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஆப்பிள் நறுக்குகிற கத்திகூட அதில் இல்லை.

சுரங்கக் கம்பெனியில் என் பதவிக்கு மக்கள் நல்லுறவு அதிகாரி என்று பெயர். மலைக்கு அடியில் தாது இருக்கிறது, மேலே ஆட்கள் இருக்கிறார்கள். காலங்காலமாக மேலே இருப்பவர்கள் சம்மதித்தால்தான் கீழே தோண்டலாம் என்று ஒரு சட்டம். அந்தச் சம்மதத்தை வாங்குவது என் வேலை. மலைக்கார ஆண்கள் சீக்கிரமே ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வேலை, கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று கேள்வி. பெண்கள்தான் மாட்டோம் என்றார்கள். சுரங்கம் வந்தால் ஊற்று வற்றிவிடுமாம். படித்த நிபுணர்கள் வற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடம் தூக்குகிறவர்கள் அதெல்லாம் இல்லை, வற்றும் என்கிறார்கள்.

இருபத்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். தாங்கள் அந்த மலையிலேயே வாழ்கிறவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்த யாரோ சொல்லியிருக்கிறார். அதனால் வீட்டு அடையாளம், பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே படிக்கிறார்கள், எல்லாவற்றையும் மணிமணியாக எழுதியிருந்தார்கள். மனு போன அலுவலகத்திலிருந்து அதன் நகல் மறுநாளே என் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் அலைந்து நான் திரட்ட வேண்டியதை அவர்களே கையெழுத்தோடு கொடுத்துவிட்டார்கள். இவர்களா நம்மை எதிர்க்கப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நான் யாரையும் மிரட்டவில்லை. பட்டப்பகலில் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நலம் விசாரித்தேன். "பெரியவன் இன்னும் அந்த ஒத்தையடிப் பாதையிலதான் ஸ்கூலுக்குப் போறானாம்மா? பாத்துப் போகச் சொல்லுங்க." அக்கறையோடு கேட்டது குற்றமா? கிளம்பும்போது ஊரே சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "வரேம்மா." 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டை விட்டு இறங்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் முகம் வெளுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருபத்துநாலு பேர் மனுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இன்னொருத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டே போய்விட்டாள்.

மிச்சம் தையல்காரி. மனுவை எழுதியவளே அவள்தான். புருஷன் இல்லை. ஒரே மகள், டவுனில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். முதல் தடவை போனபோது என் மகளுக்குக் கவுன் தைக்க நீலத் துணியும், அளவுக்கு ஒரு பழைய கவுனும் கொண்டுபோனேன். நான் யாரென்று தெரிந்தும் தைத்துக் கொடுத்தாள். தையலைக் குறை சொல்ல முடியாது. என் மகள் அதை வாரம் இரண்டு தடவை போட்டாள். யார் தைத்தது என்று கேட்டதற்கு, எனக்கு வேண்டிய ஒரு அம்மா என்றேன்.

பிறகு ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் நீட்டிய நோட்டில் 'உறவு' என்று இருந்த இடத்தில் 'மாமா' என்று எழுதினேன். ஆதாரம், ஆதாரம் என்று நீங்கள் மேஜைமேல் ஒரு நோட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நோட்டுதான். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அதற்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல்காரி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெஷின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே இங்க வராதீங்க."

"அப்படிச் சொல்லலாமா? வயசுப் பொண்ணு, தனியா பஸ்ல போய் வருது. நாலு பேர் பாத்துக்கிட்டா நல்லதுதானே. வரேம்மா."

"போறேன்னு சொல்லுங்க."

"என்னது?"

"வரேன்னு சொல்லாதீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

வீடு தேடி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? நான் மறுபடியும் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

சுரங்கத்துக்குச் சம்மதம் கேட்டு அதிகாரிகள் கூட்டிய பொதுக் கூட்டத்தில் அவள் மைக்கைப் பிடித்து நான் பேசியதை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். மேடையிலிருந்த அதிகாரி, "இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு? நல்லாத்தானே விசாரிச்சிருக்கார்" என்றார். அடையாள அட்டைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குகிறவரை அவள் மைக்கை விடாமல் நின்றாள். பிறகு கடைசி வரிசையில், பெயரை எடுத்துக்கொண்ட ஒருத்தி எழுந்தாள்.

"எங்கிட்டயும் வரேன்னு சொன்னார்."

"எங்கிட்டயும்" என்று பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. பதினேழு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். இரண்டு மாத உழைப்பு ஒரு மைக்கால் பாழ்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் காலையிலிருந்து சுற்றி வளைக்கிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேறு வேலை இருக்கும். தையல்காரி நூல் வாங்க நடந்து வருகிற கிழமையையும், ரோடு வளைகிற இடத்தையும் கம்பெனி லாரி டிரைவரிடம் சொன்னது நான்தான். "லேசா ஒரசிட்டுப் போ" என்றேன். 'லேசா' என்று இரண்டு தடவை சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மடையனுக்கு அளவு தெரியவில்லை. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்கும்படி ஆகிவிட்டது. மெஷின் மிதிக்கிற கால். அவள் மெஷினுக்கு ஒரு மோட்டார் பொருத்திக் கொடுக்கலாம் என்று கம்பெனிக்கு எழுதியவனும் நான்தான். அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும், பாருங்கள். கல்நெஞ்சக்காரன் இப்படி எழுதுவானா?

ஆஸ்பத்திரிக்கும் போனேன், ஆப்பிளோடு. அவள் மகள் கட்டிலுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றுகொண்டாள். மாமா என்று எழுதியிருந்தேனே, அந்த முறைக்காவது உட்காரச் சொல்லவில்லை. என்ன வளர்ப்போ.

இதெல்லாம் வேலை. வீட்டுக்குள் நான் எதையும் கொண்டுபோனதில்லை. நேற்றைய பேப்பரில் அந்தப் பெண்கள் என்னைப் பற்றிச் சொன்னதைப் போட்டிருந்தார்களாம். என் மகள் அதை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள், ஏதோ படம் வெட்ட என்று நினைக்கிறேன். அந்த நீலக் கவுனையும் கொஞ்ச நாளாகப் போடுவதில்லை. வளர்கிற பிள்ளை, இறுக்கமாகிவிட்டிருக்கும்.

காலையில் நீங்கள் ஜீப்பை வாசலில் நிறுத்தியபோது அவள் கதவருகில்தான் நின்றிருந்தாள். தினமும் சொல்வது போல, "வரேம்மா" என்றேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து, நான் எங்கே கிளம்பினாலும் "போயிட்டு வாங்கப்பா" என்பவள். இன்றைக்கு என்னை நேராகப் பார்த்து, "போங்கப்பா" என்றாள்.

பரீட்சை நேரம், மேடம். பிள்ளைக்குப் பாதிதான் வாயில் வந்திருக்கிறது.