ராஜாவுக்குச் சொன்ன பிரசங்கம்

நான் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எப்போது முடிப்பேன் என்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! கப்பலின் இருட்டறையில் கடல் கடந்து வந்தும் கண்ணில் ஒளி குன்றாத பெரியவர்களே! ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்து, அந்தக் கூலியில் இந்த மன்றத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்த தாய்மார்களே! பாஸ்டன் நகரத்து ஆப்பிரிக்கப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என்னை விடுதலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விடுதலையைப் பற்றி என்னைவிட அழகாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் என்னை விலைக்கு வாங்கியவர்!

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. ஆஷ்குவாம் துறைமுகத்துப் பாதிரியார், அருட்திரு எலிஃபலெட் தாக்ஸ்டர். அவர் வீட்டில் நான் குதிரையைப் பார்த்துக்கொண்டேன். சில்பா என்ற பெண் சமையலைப் பார்த்துக்கொண்டாள். பாதிரியார் விடுதலையைப் பார்த்துக்கொண்டார்.

தொடக்கத்தில் அவர் என்ன போதித்தார்? "ஆளுவோருக்கு அடங்குங்கள், அதிகாரம் ஆண்டவர் தந்தது" என்றார். ஏன் சொல்லமாட்டார்? ஆளுநர் மாளிகை விருந்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, நாற்காலிக்கு முன்னால் நல்ல மது உண்டு. பிறகு இங்கிலாந்து ராஜா தேயிலைக்கு வரி போட்டார். வேதம் மாறவில்லை, ஐயா, வியாக்கியானம் மாறியது! எந்த வசனத்தைக் காட்டி எங்களைக் குனியச் சொன்னாரோ, அதே வசனத்தைக் காட்டி ஊரை நிமிரச் சொன்னார்.

உபவாச நாளன்று பிரசங்க மேடையில் முழங்கினார். "சம்மதமில்லாமல் ஆளப்படுகிறவன் அடிமை! பிறர் உழைப்பைப் பறிக்கிறவன் முடி தரித்திருந்தாலும் திருடன்! அடிமைத்தனத்துக்கு அடங்கிப்போவது ஆண்டவருக்கு முன்பாகப் பாவம்!" கீழே ஆண்கள் அழுதார்கள். மேலே மாடத்தில், எங்களுக்கென்று ஒதுக்கிய பலகையில், நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை.

"என்னடி சில்பா, காப்பி எங்கே?"

"போடலைங்கய்யா. அடங்கிப் போறது பாவம்னு நேத்து சொன்னீங்களே. ஞானஸ்நானம் வாங்கினவ நான், பாவம் செய்யலாமா?"

"அடிப் பைத்தியக்காரி! அது ராஜாவைப் பத்திச் சொன்னதுடி!"

"ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. அவருக்கு நான் ஒருநாளும் காப்பி போட்டதில்லையே?"

விறகோடு வாசலில் நின்ற நான் லாயத்துக்கு ஓடி, வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பாதிரியார் அடிக்கவில்லை, நாகரிகமான மனிதர். அமைதியாகக் கப்பல்தலைவன் கிடியன் பெல்லை வரவழைத்து, சில்பாவைப் பார்படோஸ் கரும்புத் தோட்டத்துக்கு விற்றுவிட்டார். அங்கே போனவர் எவரும் திரும்பியதில்லை. ஞாயிறன்று விற்பனை செய்வது பாவம் என்பதால் சனிக்கிழமையே பேரத்தை முடித்தார். பக்தி என்றால் அதுவல்லவா பக்தி! மூட்டை கட்டச் சொல்லி சில்பாவிடம் தகவல் சொன்னது அவர் மனைவி.

ஞாயிறு வந்தது. சுவரோரம், ராஜாவை எதிர்க்கத் திரண்ட படைப்பயிற்சிக்காரர்களின் துப்பாக்கிகள் சாய்ந்திருந்தன. ஜெபம் முடிந்ததும் மாடத்தில் சில்பா எழுந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகங்கய்யா."

மூப்பர் பர்சிலாய் கிரேன் துள்ளி எழுந்தார். "பொம்பளை சபையில பேசக்கூடாது! உக்காருடி!"

"உக்கார்றேங்கய்யா. நாளைக்குக் கப்பல்ல உக்காரத்தானே போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உபவாச நாள்ல ஐயா சொன்ன பிரசங்கம் நெசமா, பொய்யா? நெசம்னா நான் யாருக்கும் அடிமையில்ல, கெளம்புறேன். பொய்னா, பாவம், இந்தப் புள்ளைங்க துப்பாக்கியை வாங்கி வச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஒரு பொய்க்காக எதுக்குச் சாகணும்?"

படைத்தலைவர் ஆசாகேல் பிரவுட்டி, பீப்பாய் செய்கிறவர், மெதுவாக எழுந்தார். "பதில் சொல்லுங்கய்யா. அந்தப் பேச்சை நம்பித்தான் என் மகனுங்களைப் படையில சேத்துவிட்டேன்."

நிஜம் என்றால் சமையல்காரி போய்விடுவாள். பொய் என்றால் படையே போய்விடும். பாதிரியார் "இதை ஆராய ஒரு குழு அமைக்கலாம்" என்றார்.

ஆமாம் அம்மா, அப்போதும் குழுதான்!

சில்பா படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் இறங்கிய முதல் கால் என்னுடையது. மாடமே எங்களோடு இறங்கியது. வாசலில் காத்திருந்த கப்பல்தலைவன் பெல் அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"கையை விடு. நெசமா பொய்யான்னு உள்ள இன்னும் முடிவாகலை. அதுவரைக்கும் நான் யாரு சொத்தும் இல்ல" என்றாள்.

நாங்கள் அவனைச் சுற்றி நின்றோம். பிரவுட்டியும் அவர் ஆட்களும் வெளியே வந்து அந்தக் கையையே பார்த்தார்கள். பிறகு திரும்பிப் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பார்வையைப் படித்துக்கொண்டார். "விட்டுடுங்க கேப்டன்" என்றார். "ரெண்டு பேரையும் விட்டுடுறேன்." இரண்டாவது ஆள் நான்!

குழு ஒருநாளும் கூடவில்லை. பிரசங்கம் அச்சேறியது, அடிக்குறிப்பும் ஏறியது: "இங்கே அடிமைத்தனம் என்பது வரிவிதிப்பை மட்டுமே குறிக்கும்." சில்பா கப்பல்துறையில் ஓர் அறை எடுத்தாள். ஞாயிறுதோறும் அதே ஆலயத்துக்குப் போனாள். மாடத்தில் அல்ல, கீழே, மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பாதிரியார் அதன்பிறகு நோவாவின் பேழையைப் பற்றியே பிரசங்கித்தார்.

பெருமக்களே! நமக்கு விடுதலை தந்தது யார்? மேடையா? சட்டமன்றமா? மகான்களா? அவர்கள் ராஜாவோடு சண்டைபோட விடுதலை என்று ஒரு சொல்லைச் செய்தார்கள். நாம் அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்தே எடுத்து, அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னோம். தெற்கே கரோலினாவின் நெல்வயலில் இன்றும் நம் சகோதரி குனிந்து நிற்கிறாள். அவளுக்கும் மேலே ஒருவர் அழகாகப் பிரசங்கிக்கிறார். அவள் எழுந்து கேட்கும் நாளில் அவளைச் சுற்றி நிற்க ஆள் வேண்டும். நிற்போமா? உரக்கச் சொல்லுங்கள், அந்த மேடைகளுக்குக் கேட்கட்டும்! நிற்போமா?

நிற்போம்!

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், கைதட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கும் என் நன்றியும் வணக்கமும்.