மேரி சொன்ன ஓம்

தேத்தண்ணீருக்கு முதலில் தேயிலைச் சாயம், பிறகு பால். மாற்றி ஊற்றினால் லேடி ஹாரியட் கோப்பையைத் தொடமாட்டார். நல்ல பழக்கம்தான், பாதர். இப்போது என் வீட்டிலும் அப்படித்தான்.

மொன்றியல் மலைச்சரிவில் இருந்த அந்த மாளிகையில் ஒருகாலத்தில் பதினான்கு வேலையாட்களாம். லேடியின் தகப்பனார் இங்கிலாந்துப் பிரபு. 1993இல் நான் வேலைக்குப் போனபோது லேடியும் ஒழுகும் கூரையும்தான் மிச்சம். கடைக்காரர் பிரெஞ்சில் கதைத்தால் லேடி காது கேளாதவர்போல் நிற்பார். வீறாப்பு மட்டும் குறையவில்லை.

என் பெயர் யோசெப்பின். அவர் மேரி என்பார். அந்த வீட்டில் பரம்பரையாக வேலைக்காரிகள் எல்லோருக்கும் மேரி என்றுதான் பெயர். மாதாவின் பெயர்தானே, நான் குறை நினைக்கவில்லை.

2003 மார்கழியில் என் மனுசன் அருமைராசா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும்போது விழுந்துவிட்டார். மகள் றெபேக்கா மாளிகைக்குப் போன் எடுத்து என்னைக் கேட்டாள். "யோசெப்பினா? அப்படி இங்கே ஒருத்தரும் இல்லை" என்று லேடி வைத்துவிட்டார். நான் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்து முடித்து, பஸ் பிடித்து வில்லரேயில் எங்கள் வீட்டுக்குப் போனபோது வீடு நிறையச் சனம். மனுசன் ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் என்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்து கண்ணை மூடினாராம்.

"அம்மா, உங்களுக்கு அங்க வேற பேரே?" என்றாள் றெபேக்கா.

வயிறு எரிந்தது, அது உண்மை. ஆனாலும் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் போய்ச் சாயம் ஊற்றினேன்.

அடுத்த ஆண்டு லேடிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இருந்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. 'சரி' என்பதற்குப் பதினொரு வருடமாக என் வாயில் கேட்ட 'ஓம்' மட்டும் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணீர் தரவா என்றால் ஓம். யன்னலைத் திறக்கவா என்றால் ஓம். பிறந்த வீட்டிலேயே சாகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வாய் இருந்த காலத்தில் என்னிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

லேடியை இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்று விசாரிக்க வந்த அரசாங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரி. அவளுடைய ஆங்கிலத்தில் 'ஹ' வராது, முதியோர் ஹோமை 'ஓம்' என்றுதான் சொன்னாள். இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா, இல்லை ஓமுக்குப் போக விருப்பமா என்று கேட்டாள். லேடி கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஓம் என்றுதானே சொல்கிறார்?"

"ஓம்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, பாதர். பழிவாங்கினேன் என்றும் நினையாதேங்கோ. அங்கே குளிருக்கு நல்ல சூடு இருக்கும் என்றுதான் நினைத்தேன். பதினேழு நாள்தான் உயிரோடு இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

கொண்டுபோக வந்த அன்று, வாசலில், லேடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணி, எச்சில் வழிய, "யோசெப்பின்" என்றார். இவ்வளவு காலமும் அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"யார் அது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

நான் லேடியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"அப்படி இங்கே ஒருத்தரும் இல்லை" என்றேன்.