மூணாவது லைன்

மதியம் ரெண்டு மணிங்க. ராத்திரியில்ல, பட்டப்பகல். ஆனா லீவு நாள், ஆபீஸ் இருக்கிற ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. என் ஃப்ரெண்டோட சித்தப்பாவும் அவர் மச்சானும் வண்டிய நிறுத்தினாங்க. ரெண்டு பேருக்கும் நெட்வொர்க் வேலை.

அந்த ஆபீஸ்ல ஏற்கெனவே ரெண்டு இன்டர்நெட் லைன். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கணும். எது எந்த லைன்ல போகணும்னு ஒரு பெட்டி பிரிச்சு அனுப்பும். அன்னைக்கு மூணாவது லைன் இழுக்கணும். ஃபோன் பேச்சுக்கு மட்டும் அது.

சித்தப்பாவுக்கு எதுலயும் அவசரம். லைன் வர்றதுக்கு முன்னாடியே ஃபோன் பேச்செல்லாம் மூணாவது லைன்லதான் போகணும்னு பெட்டியில போட்டுட்டார். மச்சான் மேல் மாடிக்குப் போனார். சுவருக்குள்ள ஒயர் போற சந்து இருக்கில்ல... அதோட கதவத் திறந்து மேலேந்து ஒயர விடணும், சித்தப்பா கீழேந்து இழுக்கணும். மச்சானுக்குக் கைக்குழந்தை. "பத்திரமா கூட்டிட்டு வாங்க"ன்னு சித்தி சொல்லித்தான் தன் தம்பிய அனுப்பினாங்க.

கீழ் ரூம்ல சிக்னல் இல்ல. சித்தப்பா ஆபீஸ் வைஃபை வழியா மச்சானுக்கு ஃபோன் போட்டார். காதுல மச்சான் குரல்.

"இழுங்க மாமா."

இழுத்தார். சரசரன்னு வந்துச்சு... நின்னுடுச்சு.

"மாட்டிக்கிச்சுடா."

"இல்ல மாமா. நல்லா இழுங்க."

சுவத்துல கால வச்சு இழுத்தார். மேல டொம்முன்னு ஒரு சத்தம். அப்புறம் கட கட கடன்னு தகரத்துல யாரோ உதைக்கிற மாதிரி. "என்னடா அது?" "ஏணி மாமா. இழுங்க." இழுத்தார். மளுக்குன்னுச்சு. ஒயர் ஈரமா வந்துச்சு... சூடா. துருப்பிடிச்ச இரும்பு வாடை.

அப்பத்தான் பெட்டியோட ஸ்க்ரீனப் பாத்தார். இந்தப் பேச்சு மூணாவது லைன்ல ஓடுது. மூணாவது லைனோ அவர் கையில தொங்குது... இன்னும் எதுலயும் சொருகல.

டார்ச்ச சந்துக்குள்ள மேல அடிச்சார்.

மச்சான் தலைகீழா சொருகிக் கிடக்கிறார். கழுத்துல ஒயர் மூணு சுத்து, சதைக்குள்ள இறங்கியிருக்கு. ஒரு காது பிஞ்சு தொங்குது. கண்ணு மட்டும் இவரையே பாத்துச்சு. வேணாம் வேணாம்னு வாய் அசையுது, சத்தம் வரல.

காதுல அதே குரல், தெளிவா, கொஞ்சங்கூட மூச்சு வாங்காம.

"விடாதீங்க மாமா... இன்னும் உயிர் இருக்கு."

சித்தப்பா விட்டுடணும்னுதான் நெனச்சார். "விடு விடு"ன்னு தன் கையப் பாத்தே கத்தினாராம்.

கை, ஒயர இன்னும் ஒரு சுத்து சுத்திப் புடிச்சுது... இழுத்துச்சு.